கரித்துண்டின் சாட்சியம்: காலக்கணிப்பு அறிக்கைகளை வாசிப்பது குறித்து

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வேதியியல் என்பது பள்ளிக்கூடத்தோடு கழிந்துபோன சனி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறை கீழடி பற்றிய நூலை வெளியிட்டதிலிருந்து நிலைமை மாறிவிட்டது. இலக்கியக் கூட்டம், தெருமுனைக் கூட்டம், துண்டறிக்கை எல்லாவற்றிலும் ஆய்வுக்கூடத்து எண்கள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டன. கீழடி கி.மு. 580. சிவகளை நெல் கி.மு. 1155. மயிலாடும்பாறை கி.மு. 2172. 2025 ஜனவரியில் சிவகளை இரும்பு கி.மு. 3345. ஒரு பேச்சாளர் எண்ணைச் சொல்கிறார், கைதட்டு விழுகிறது. அடுத்தவர் அதைவிடப் பெரிய எண்ணோடு மேடையேறுகிறார். ஏலம் மாதிரிதான் நடக்கிறது. இந்த எண் எந்தப் பொருளின் வயது, அந்தப் பொருள் யார் கையால் எந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்க ஆளில்லை. ஒரு பாடலில் ஒரே ஒரு பாடபேதத்துக்காக மூன்று பக்கம் சண்டை போடுகிற நாம், ஆய்வுக்கூட அறிக்கை என்றதும் கைகட்டி நிற்கிறோம்.

அந்த அறிக்கையும் ஒரு பிரதிதான் என்பது என் கட்சி. அதற்கு ஆசிரியர் உண்டு, இலக்கணம் உண்டு, மௌனங்களும் உண்டு. அதை வாசிக்கத் தெரியாவிட்டால் அந்த எண்ணைக் காட்டி நம்மைத் தட்டிக்கொடுப்பவரும் ஏமாற்றலாம், அதே எண்ணை மறுத்து நம்மைத் தட்டிவிடுபவரும் ஏமாற்றலாம்.

இதை எனக்குப் புரியவைத்தது எந்தக் கோட்பாட்டு நூலும் இல்லை. எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரகடம் பக்கம் ஒரு வார்ப்பட ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. டிப்ளமா படித்தவன். உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு சின்ன வில்லை வார்த்து 'ஸ்பெக்ட்ரோ' மெஷினில் வைப்பது அவன் வேலை. மின்பொறி பட்ட இடத்தில் உலோகம் ஆவியாகி ஒளிரும். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்து கார்பன் இவ்வளவு, சிலிக்கான் இவ்வளவு, மாங்கனீஸ் இவ்வளவு என்று மெஷின் சொல்லும். 'இரும்பின் தொன்மை' அறிக்கை வந்த வாரம் நான் பத்திரிகையை எடுத்துக்கொண்டுபோய் அவனிடம் பெருமையாகக் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, சாம்பிள் எங்கேந்து எடுத்தாங்க? இரும்பையே வச்சிப் பாத்தாங்களா, பக்கத்துல கெடந்தத பாத்தாங்களா? ஸ்டாண்டர்டு போட்டாங்களா?"

ஸ்டாண்டர்டு என்றால், கலவை ஏற்கெனவே தெரிந்த ஒரு துண்டை ஷிப்ட் தொடக்கத்தில் வைத்து மெஷின் சரியாகச் சொல்கிறதா என்று சோதிப்பது. வில்லையின் மேற்பரப்பைத் தேய்க்காமல் வைத்தாலும் தப்பான எண் வருமாம். அவன் சொன்னதில் ஒன்று மனசில் நின்றுவிட்டது. "எண்ணு எப்பவுமே வரும்ணா. எனக்குத் தெரியலன்னு மெஷின் சொல்லாது."

அவன் கேட்ட மூன்று கேள்விகளும் இந்தத் துறையின் மையமான கேள்விகள். 1988இல் டூரின் நகரத்துத் துணியை, ஏசுவின் உடலைச் சுற்றியது என்று நம்பப்பட்ட துணியை, சோதித்தபோது ஆக்ஸ்போர்டு, சூரிச், அரிசோனா ஆகிய மூன்று ஆய்வுக்கூடங்களுக்கும் துண்டு கொடுத்தார்கள். கூடவே வயது தெரிந்த வேறு பழந்துணிகளையும் கொடுத்தார்கள். நம் பையன் சொன்ன ஸ்டாண்டர்டு அதுதான். விடை கி.பி. 1260க்கும் 1390க்கும் இடையில் என்று வந்தது. அதை ஏற்காதவர்கள் இன்றுவரை பிடித்துக்கொண்டிருப்பது துணியின் எந்த மூலையில் வெட்டினார்கள் என்பதைத்தான். அந்தச் சண்டையில் மெஷினைவிட அதிகம் அடிபட்டது மாதிரிதான்.

இனி நம் கரித்துண்டுக்கு வருவோம். வில்லார்டு லிப்பி 1949இல் முன்வைத்து 1960இல் நோபல் பரிசு பெற்ற கார்பன்-14 முறை எதை அளக்கிறது? ஒரு செடியோ மரமோ உயிரோடிருக்கும்வரை காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கிறது. இறந்ததும் வரவு நின்றுவிடும். உள்ளேயிருக்கும் கதிரியக்கக் கார்பன் 5730 ஆண்டுக்குப் பாதி என்ற கணக்கில் குறையும். ஆக அளக்கப்படுவது ஒரு தாவரத்தின் மரணம். அடுப்பு எரிந்த நாளை அது நேராகச் சொல்லாது, பானை வனைந்த நாளையோ இரும்பு அடித்த நாளையோ எழுத்துக் கீறிய நாளையோ சொல்லவே சொல்லாது. வயதான மரத்தின் நடுவயிரம் அந்த மரத்தை வெட்டுவதற்கு நூறு இருநூறு வருஷம் முன்பே செத்துப்போனது. அதை எரித்த கரி அந்தப் பழைய மரணத்தின் தேதியைத்தான் கொடுக்கும். ஒரு போகத்தில் விளைந்து அறுபடுகிற நெல்மணி அதனால்தான் கரியைவிட நம்பகமான சாட்சி.

இதை வைத்துக்கொண்டு சிவகளையைப் பாருங்கள். அங்கே தாழியில் கிடைத்த நெல் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2025இல் அதே ஊரில் தாழிகளில் கிடைத்த கரி கி.மு. 2953 முதல் 3345 வரை போகிறது என்றார்கள். நெல்லுக்கும் மிகப் பழைய கரிக்கும் இடையில் 2190 வருஷம். பானையோடுகளை ஒளிர்வு முறையில் அளந்ததில் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதி வந்தது. மாதிரிகள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கும் லக்னோவுக்கும் அகமதாபாத்துக்கும் போய்வந்தவை. ஒரே இடத்தை நம்பாமல் பல இடத்துக்கு அனுப்பியதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கி.மு. 3345 என்பது கரியின் தேதி. கரியிலிருந்து இரும்புக்குப் போக ஒரு பாலம் வேண்டும். "இந்தக் கரியும் இந்த இரும்பும் ஒரே நாளில் ஒரே தாழிக்குள் வைக்கப்பட்டன, பிறகு எலி, வேர், வெள்ளம், திருடன் எதுவும் உள்ளே போகவில்லை" என்கிற வாக்கியம்தான் அந்தப் பாலம். இது இயற்பியல் எழுதுகிற வாக்கியம் இல்லை. குழிக்குள் இறங்கி நின்றவன் எழுதுவது. இன்னும் சரியாகச் சொன்னால், கரணையைப் பிடித்துக்கொண்டு மண் நிறம் மாறுகிற இடத்தில் கையை நிறுத்துகிற உள்ளூர்க் கூலிப் பெண்ணின் கண் அதை முதலில் எழுதுகிறது. அறிக்கையில் அவள் பெயர் வராது.

அந்த வாக்கியம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது மெய்யாகவே இருக்கலாம். அதை வலுப்படுத்த வழியும் உண்டு. கரி போட்டு உருக்கிய இரும்புக்குள் அந்தக் கரியின் கார்பன் கொஞ்சம் போய் ஒட்டிக்கொள்கிறது. அதையே பிரித்தெடுத்து இரும்புக்கு நேராகத் தேதி போடலாம் என்று வான் டெர் மெர்வே என்ற ஆய்வாளர் 1969இலேயே காட்டியிருக்கிறார். முழுக்கத் துருவேறிய பொருளில் இது லேசில் நடக்காது. எஃகில் நடக்கும். "இரும்பையே வச்சிப் பாத்தாங்களா" என்று பையன் கேட்டதும் இதைத்தான். அரசியல் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, கைதட்டிக்கொண்டிருந்தேன்.

கீழடியின் 580க்குள் இன்னொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. காற்றில் கார்பன்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. அதனால் வயது தெரிந்த மரங்களின் ஆண்டு வளையங்களை அளந்து ஒரு வளைகோடு வரைந்து, அதில் பொருத்தித்தான் நாட்காட்டி ஆண்டைச் சொல்கிறார்கள். இந்தக் கோடு கி.மு. 800க்கும் 400க்கும் இடையே ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. துறைக்காரர்கள் இதற்கு ஹால்ஸ்டாட் சமதளம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த நானூறு வருஷத்துக்குள் எங்கே செத்த செடியாக இருந்தாலும் அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். தமிழனுக்குத் தலையெழுத்து பாருங்கள், நம் எழுத்தின் தொடக்கம் பற்றிய தகராறு முழுக்க இந்தத் தட்டை நிலத்தில்தான் வந்து விழுகிறது. கீழடியின் 580 இதற்குள். பொருந்தலில் கா. ராஜன் அகழ்ந்த ஈமக்குழியில் எழுத்துப் பொறித்த புரிமனையோடு கிடைத்த நெல்லின் 490 இதற்குள். பொருந்தல் தேதி வந்தபோது ஐராவதம் மகாதேவன் ஒற்றைத் தேதியை வைத்து முடிவுக்குப் போகமுடியாது என்றார். அவர்மேல் சிலர் வருத்தப்பட்டார்கள். வாசிக்கத் தெரிந்தவர் அப்படித்தான் பேசுவார்.

அப்படியானால் 580க்கு மதிப்பில்லையா? இருக்கிறது. ஆனால் அந்த மதிப்பு எண்ணில் இல்லை. அந்தக் கரி 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது. 200 சென்டிமீட்டரில் கிடைத்தது கி.மு. 205 என்று வந்தது. ஆழமானது பழையது, மேலே உள்ளது புதியது, வரிசை குலையவில்லை. 353க்குக் கீழேயும் மனிதர் புழங்கிய மண் இருந்தது. இந்த அடுக்குதான் பேசுகிறது. இயற்பியல் அதற்குப் பக்கத்தாளம் போடுகிறது. நாம் பாட்டை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் மேடையில் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறோம்.

டெல்லியின் வாசிப்பு வேறு தினுசு. கீழடியில் முதல் இரண்டு பருவங்களை அகழ்ந்த அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கையைக் கொடுத்தார். 2025 மே மாதம் திருத்தி எழுதித்தரச் சொல்லி இந்தியத் தொல்லியல் துறை திருப்பிக் கேட்டது. அவர் மறுத்தார். ஜூனில் நொய்டாவுக்கு மாற்றப்பட்டார். இன்னும் அறிவியல் சான்று வேண்டும் என்பது ஒன்றிய அமைச்சரின் விளக்கம். அறிவியல் சான்று கேட்பதில் குற்றமில்லை, மேலே நானே அதைத்தான் கேட்டேன். ஆனால் 2018இல் உத்தரப்பிரதேசத்துச் சினௌலியில் கிடைத்த வண்டியை அதே துறையின் அதிகாரிகள் 'தேர்' என்று அறிவித்தபோது இந்தக் கண்டிப்பு எந்த ஊருக்குப் போயிருந்தது? ஆரமில்லாத கட்டைச் சக்கரம், இது மாட்டுவண்டியாக இருக்கலாம் என்று வெளிநாட்டு அறிஞர்கள் சொன்னதற்காக எந்த அதிகாரியையும் திருத்தி எழுதச் சொன்னதாகக் கேள்வியில்லை. ஆக 'அறிவியல்' என்ற சொல் இங்கே அளவுகோலாக வேலை செய்யவில்லை, வாயிற்காவலன் வேலை பார்க்கிறது. யாரை உள்ளே விடுவது என்பது முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது.

இதற்கு நம் பதில் என்ன? இன்னும் பெரிய எண். அவர்கள் வாசலை அடைத்தால் நாம் ஏணி போட்டு ஏறுகிறோம். தொன்மையே உரிமைக்குப் பத்திரம் என்கிற அவர்களுடைய தர்க்கத்தை அப்படியே ஒப்புக்கொண்டுதான் ஏறுகிறோம் என்பது நமக்கு உறைக்கவில்லை. மூவாயிரம் வருஷத்துக்கு முன் இரும்பு உருக்கியவனின் வாரிசு என்று மார்தட்டுகிறவர்கள், இன்றைக்கு ஒரகடத்தில் இரும்பு உருக்குகிறவனின் ஒப்பந்தக் கூலியைப் பற்றி ஒரு தீர்மானம் போட்டு நான் பார்த்ததில்லை.

இந்த எண் மோகத்தில் காணாமல் போனது ஒரு நல்ல மரபு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இலேயே வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கியது. அங்கே இருந்த எஸ். பரமசிவன் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியம், சித்தன்னவாசல் ஓவியம் இவற்றின் சுண்ணச் சாந்தையும் வண்ணங்களையும் சோதித்து அவை எப்படித் தீட்டப்பட்டன என்று எழுதினார். அவர் கேட்டது 'எப்போது' என்ற கேள்வியைவிட 'எப்படி' என்ற கேள்வி. 1990களில் சாரதா சீனிவாசன் தென்னாட்டுச் செப்புத் திருமேனிகளில் ஈயத்தின் ஐசோடோப்பு விகிதங்களை அளந்து, பல்லவர் காலத்து உலோகத்தையும் சோழர் காலத்து உலோகத்தையும் வேறு பிரிக்கமுடியும் என்று காட்டியதும் இந்த வழியில் வந்ததே. 'எப்படி' என்று கேட்டால் வேலை செய்த கை தெரியும். 'எப்போது' என்று மட்டும் கேட்டால் பெருமைப்படுகிறவனின் முகம்தான் தெரியும்.

கருப்பு-சிவப்புப் பானையையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளும் வாய்விளிம்பும் கருப்பு, வெளியே சிவப்பு. களிமண்ணில் இரும்பு இருக்கிறது. சூளையில் காற்று தாராளமாகக் கிடைத்தால் அது சிவந்த ஆக்சைடாக மாறும். காற்று இல்லாமல் புகையும் கரியும் சூழ்ந்தால் கறுக்கும். பானையைக் கவிழ்த்து, உள்ளே காற்றுப் புகாமல் இலைதழையோ வைக்கோலோ அடைத்துச் சுட்டால் ஒரே சூட்டில் இரண்டு நிறமும் கிடைக்கும். ஒரே பாண்டத்துக்குள் இரண்டு வேதிவினைகளைப் பக்கத்துப் பக்கத்தில் நடத்திக்காட்டிய கை அது. வெந்த வாசனையையும் தீயின் நிறத்தையும் வைத்தே அளந்திருக்கிறார்கள். குயவர் வீட்டில் இந்த அறிவு எப்படிக் கைமாறியது, பெண்கள் எந்த வேலையைச் செய்தார்கள், தாழி செய்தவர்களும் சோற்றுப் பானை செய்தவர்களும் ஒரே ஆட்களா என்றெல்லாம் கேட்க வேதியியல் நமக்கு வாசல் திறக்கிறது. நாம் என்ன செய்தோம்? 2020இல் கீழடிப் பானையோடுகளின் கருப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக ஒரு கட்டுரை வந்ததும் 'தமிழனின் நானோ தொழில்நுட்பம்' என்று போஸ்டர் அடித்தோம். தாவரப் பொருள் சூளைச் சூட்டில் கரியாகும்போது அப்படியொரு அமைப்பு தானாக உண்டாகலாம். குயவனுக்குத் தெரிந்தது கருப்பு எப்படி நிலைக்கும் என்பது. அது போதாதா? அவன் அறிவை அவன் மொழியில் மதிக்கத் தெரியாமல் பன்னாட்டுக் கம்பெனியின் கோட்டைக் கடன் வாங்கிப் போர்த்திவிட்டால்தான் நமக்குத் திருப்தி.

இதையெல்லாம் நான் உட்கார்ந்து எழுதுவது பிள்ளைப்பாக்கத்தில். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் சிப்காட். இந்த வட்டாரம் தொல்லியலுக்குப் புதிதில்லை. 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார், அதே வருஷம் அத்திரம்பாக்கத்துக்குப் போனார். சானூரிலும் குன்னத்தூரிலும் 1950களில் பெருங்கற்கால ஈமச்சின்னங்களை அகழ்ந்தார்கள். எங்களுக்குக் கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க வடக்குப்பட்டில், ஒரகடத்துக்குப் பக்கத்தில், 2022இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகள், ரோமானியச் சாடிகளின் ஓடுகள், பொன் அணிகள் எல்லாம் வந்தன. பன்னிரண்டாயிரம் வருஷம் என்ற எண் குழி மூடுவதற்கு முன்பே பத்திரிகைக்கு வந்துவிட்டது.

அத்திரம்பாக்கத்தில் நடந்தது வேறு மாதிரி. சாந்தி பப்புவும் சகாக்களும் 1999இலிருந்து அகழ்ந்து, 2011இல் முதல் பெரிய தேதியை வெளியிட்டார்கள். விண்கதிர் பட்டுக் குவார்ட்ஸ் கல்லில் உண்டாகும் பெரிலியம்-10, அலுமினியம்-26 இரண்டும் கல் புதைந்த பிறகு வெவ்வேறு வேகத்தில் தேய்கின்றன. அந்த விகிதத்தை அளந்து கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்றார்கள். 2018இல் ஒளிர்வு முறையில் அடுத்த கட்டக் கருவிகளுக்கு 3,85,000 ஆண்டு, கூடக்குறைய 64,000 என்றார்கள். கவனியுங்கள், பிழைவரம்பு மட்டுமே அறுபத்துநாலாயிரம் வருஷம். அதை மறைக்காமல் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நம் துண்டறிக்கைகளில் பிழைவரம்பு போட்டு ஒரு தேதியாவது இதுவரை வந்திருக்கிறதா?

ஒளிர்வு முறையைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், எங்கள் ஊர்க்கதை அதில்தான் இருக்கிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள் ஒவ்வொன்றும் ஒரு உண்டியல். மண்ணில் இயல்பாக இருக்கிற யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் கதிர்வீச்சு அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலைப் போட்டுக்கொண்டே இருக்கும். வெயில் பட்டாலோ சூளையில் சுட்டாலோ உண்டியல் காலி. மறுபடி புதைந்த நாளிலிருந்து மறுபடி சேரும். ஆகவே வெட்டிய சுவரில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் மூடி எடுத்துப்போய், மங்கிய சிவப்பு விளக்கில் திறந்துதான் அளக்கவேண்டும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் எவ்வளவு காலம் இருட்டில் கிடந்தது என்று சொல்லலாம்.

இப்போது ஜே.சி.பி.யை நினைத்துக்கொள்ளுங்கள். மனை சமன்படுத்த ஒரு வாளி மண்ணைப் புரட்டி வெயிலில் கொட்டினால், அதில் மேலாக விழுந்த துகளுக்கெல்லாம் உண்டியல் காலி. லட்சம் வருஷச் சேமிப்பாக இருந்தாலும் சில நிமிஷத்தில் போய்விடும். புரண்ட மண்ணில் கரி கிடைத்தால் கரிக்குத் தேதி வரும், ஆனால் அது எதோடு எந்த அடுக்கில் கிடந்தது என்கிற வாக்கியம் வராது. உலகத்தில் உள்ள எல்லா ஆய்வுக்கூடமும் சேர்ந்தாலும் அந்த வாக்கியத்தைத் திரும்ப எழுத முடியாது. சட்டம் காப்பாற்றுவது அறிவிக்கப்பட்ட சின்னத்தையும் அதைச் சுற்றி நூறு மீட்டரையும், அதற்கு அப்பால் இருநூறு மீட்டரில் சில கட்டுப்பாடுகளையும்தான். அறிவிக்கப்படாத மண் வெறும் மண். கீழடிக்காகப் பேருந்து பிடித்துப் போய்வந்த எங்கள் பகுதி நண்பர்கள், வீட்டுக்குப் பின்னால் மண்ணெடுத்தபோது தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் உட்பட.

உருப்படியாகக் கேட்கவேண்டியவை இருக்கின்றன. ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தாளை, மாதிரி எண், குழி, ஆழம், பிழைவரம்பு எல்லாவற்றோடும், தமிழில் அறிக்கையோடு சேர்த்து அச்சிடச் சொல்லவேண்டும். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்குமுன் நாலு இடத்திலாவது குழாய் இறக்கி மண்மாதிரி எடுத்து வைக்கச் சொல்லவேண்டும். ஒரு ஆலைச் சுற்றுச்சுவருக்கு ஆகிற செலவில் இது எத்தனை பங்கு?

போன மாசம் பக்கத்து மனைக்குச் சவுடு மண் அடித்த லாரியிலிருந்து ஒரு ஓடு விழுந்தது. உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. நம் பையனிடம் கொடுத்து, ராத்திரி ஷிப்டில் உன் மெஷினில் வைத்துப் பாரேன் என்றேன். சிரித்தான். "அது ஓடாதுண்ணா. ஓட்டுல கரண்டு பாயாது, இரும்புதான் வைக்கணும்." லாரி டிரைவரைப் பிடித்து எந்த ஏரி மண் என்று விசாரித்தேன். ரெண்டு மூணு ஏரியில் மாத்தி மாத்தி எடுக்கிறோம் சார், இது எந்த டிரிப்புன்னு சொல்ல முடியாது என்றார். ஓட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுச் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். தேதி இருக்கிறது, என் பெயர் இருக்கிறது. இடம், ஆழம் என்ற இரண்டு வரியையும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.